மேஸ்திரி வாய் திறக்காத வகுப்பு

ஆண்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் நாத்தனார் நேரிலேயே வந்துவிட்டார். பிழைக்க வந்த இந்த நாட்டில் பல வருடம் அதே வேலையைப் பார்த்து, தொண்டை கெட்டுப்போனதால் அதை விட்டவர்.

"கதவைத் திறந்தே வை. போன் நம்பர் குடுக்காத. எவனாவது ரொம்ப மரியாதையா இருந்தான்னா அவன் மேல ஒரு கண்ணு இருக்கட்டும்."

"இவளுக்குப் போய்ச் சொல்றியேக்கா," என்றான் கணவன். "இவளே ஒரு சி.ஐ.டி."

வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். பால் பாக்கெட்டை முகர்ந்து பார்க்காமல் வெட்டமாட்டாள். விருந்தாளி சாப்பாடு பிரமாதம் என்றால், எதில் உப்புக் குறைந்தது என்று அன்றைக்கெல்லாம் யோசிப்பாள். படித்த படிப்பை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டுக் கணவன் பின்னால் புறப்பட்டு வந்தவள். மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு கிடைத்த முதல் வேலை இது. பஸ் பணிமனையில் வேலை பார்க்கும் நம் ஊர் ஆட்களுக்கு, ஷிப்ட் முடிந்ததும் பேச்சு ஆங்கிலம். பயிற்சி அதிகாரி முதல் நாளே சொல்லிவிட்டார்: மாதக் கடைசியில் வந்து பார்ப்பேன், ஆட்கள் பேசவில்லை என்றால் வகுப்பை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுவேன். அந்த வேறு ஒருவர் ஆண் என்பதை அவர் சொல்லவில்லை, அவள் கண்டுபிடித்துக்கொண்டாள்.

கேண்டீனுக்குப் பக்கத்து அறையில் வகுப்பு. அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கதவை மூடாமல் நிறுத்தினாள். கிரீஸ் போகக் கை தேய்த்துக் கழுவிய சோப்பு வாசனையோடு பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், நரைத்த மீசையோடு மேஸ்திரி. அவளைவிடவும் மூத்தவர்.

இன்றைக்கு என்ன வேலை செய்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். கடைசியில் மேஸ்திரி, "யெஸ் மேடம்" என்றார். உடனே எல்லோரும், "யெஸ் மேடம்."

இரண்டு வாரம் இதேதான். எழுதச் சொன்னால் எழுதினார்கள். பேசச் சொன்னால் சுவர். டீ மட்டும் தவறாமல் வந்தது, மேஸ்திரி தன் கையாலேயே கொண்டுவந்து வைப்பார். ரொம்ப மரியாதை. அவள் அந்த டீயை ஆறவிட்டுத்தான் குடித்தாள்.

மூன்றாவது வாரம் பணிமனை வாசலில் வெல்டரைப் பார்த்தாள். பஸ் டிரைவர் ஒருவனோடு ஏதோ வாக்குவாதம். வெல்டர் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தான். தப்பும் தவறுமாகத்தான், ஆனால் நிறுத்தாமல். அவளைப் பார்த்ததும் குழாயை மூடியது போல் பேச்சு நின்றது.

"அப்ப உங்களுக்குப் பேச வரும்," என்றாள்.

"கொஞ்சம் மேடம்."

"எங்கிட்ட மட்டும்தான் வராதா?"

"அய்யோ, அப்படியெல்லாம் இல்ல மேடம்," என்று நழுவிவிட்டான்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நாத்தனாரும் இருந்தார். "நாடகம்தான்," என்றார். "பொம்பளை முன்னாடி தப்பாப் பேசறது கௌரவக் குறைச்சல். எனக்கும் இப்படித்தான் ஒரு கூட்டம் வாய்ச்சுது. அதிகாரி வர்றப்ப உன்னைக் கவுத்துடுவாங்க, பாரு."

"நீ வேற அவளைப் பயமுறுத்தாதக்கா," என்றான் கணவன்.

"நான் பயப்படலைங்க. அந்த மீசைதான் பின்னால இருக்கு. அவர் தலையாட்டாம அங்க ஒருத்தனும் தும்மக்கூட மாட்டான்."

மறு வாரம் பல் பிடுங்க வேண்டுமென்று மேஸ்திரி ஒருநாள் வரவில்லை. அன்றைக்கும் அதே கேள்வியைத்தான் கேட்டாள். வெல்டர் எழுந்தான். பிரேக் போன பஸ் ஒன்றைப் பற்றி ஆங்கிலத்திலேயே பேசினான். பெயின்டர் குறுக்கே விழுந்து, அது பிரேக் இல்லை, டிரைவர் தூங்கிவிட்டான் என்றான். எலெக்ட்ரீஷியன், மேஸ்திரி தாடையைப் பிடித்துக்கொண்டு பல் டாக்டரிடம் போன காட்சியை நடித்தே காட்டினான். அறை அதிர்ந்தது. அவள் சாக்பீசைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"இத்தனை நாள் என்ன ஆச்சு உங்களுக்கு?"

சிரிப்பு அடங்கியது. பெயின்டர்தான் சொன்னான். "அண்ணன்தான் மேடம் எங்க எல்லாரையும் இங்க வேலைல சேர்த்துவிட்டது. அவரு திக்கித் திணறிட்டு இருக்கும்போது நாங்க பொளந்து கட்டினா நல்லாவா இருக்கும்?"

"அவர் அப்படிச் சொன்னாரா?"

"சேச்சே. நாங்களாத்தான் இருக்கோம்."

அவள் நம்பவில்லை. யாரும் சொல்லாமல் பன்னிரண்டு ஆண்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்களா? மறுநாள் வகுப்புக்கு முன்னால், வீங்கிய கன்னத்தோடு டீ கொண்டுவந்த மேஸ்திரியை நிறுத்தினாள்.

"அண்ணே, நீங்க பேசாததாலதான் அவங்க யாரும் பேசறதில்ல. தெரியுமா?"

அவர் கிளாசைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "என்னம்மா இது. நான் வரலைன்னா ஒருத்தனும் வரமாட்டான்னுதான் நான் வர்றேன். இந்த வயசுல எனக்கெதுக்கு இங்கிலீஷு? பசங்க கூச்சப்படறானுங்களே, கூட ஒரு மக்கு இருந்தா தைரியம் வரும்னு பார்த்தேன்." பிறகு அவர் முகம் மாறியது. "நேத்து பேசினானுங்களா?"

"பேசினாங்க."

"என்னைப் பத்தியா?"

"பிரேக்கைப் பத்தி."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். நம்பவில்லை என்பது தெரிந்தது. அவளும் அவரை அதே மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி வந்த அன்று வகுப்பில் பழையபடி சுவர்தான். அவள் கேட்ட கேள்வி அப்படியே காற்றில் நின்றது. அதிகாரி கைக்கடிகாரத்தைத் திருகினார். அப்போது மேஸ்திரி நாற்காலி சத்தமிட எழுந்தார். தன் பல்லைப் பற்றி, தலையும் வாலும் இல்லாமல், கையையும் தாடையையும் சேர்த்து ஆட்டி, ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். நெற்றியில் வியர்வை. யாரும் சிரிக்கவில்லை. முடித்துவிட்டு ஆட்கள் பக்கம் திரும்பி, தமிழில் சொன்னார்.

"நான் அசிங்கப்பட்டு முடிச்சாச்சு. இதுக்கும் கீழ போறதுக்கு இடமில்ல. இனி நீங்க பேசுங்கடா."

முதலில் வெல்டர். அப்புறம் நிறுத்த முடியவில்லை.

முடிந்ததும் அதிகாரி அவளை வராந்தாவுக்கு அழைத்தார். "வகுப்பு உங்களிடமே இருக்கட்டும். ஆனால் அந்தப் பெரியவரை எடுத்துவிடுங்கள். அவருக்கு வராது. மற்றவர்களுக்குத் தடை."

அவளுக்கு வேலை கைக்கு வந்துவிட்டது. தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

"அவர் இல்லாமல் வகுப்பு நடக்காது," என்றாள்.

"அவர் உங்களுக்குச் சொந்தமா?"

"இல்லை."

"அப்புறம் ஏன்?"

என்ன சொன்னாலும் இந்த ஆளுக்குப் புரியாது என்று அவளுக்குத் தோன்றியது. "அவர் உட்கார்ந்திருந்தால்தான் மற்றவர்கள் வருவார்கள்," என்று மட்டும் சொன்னாள். அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்தார். இதில் இவளுக்கு என்ன ஆதாயம் என்று கேட்கிற பார்வை. அவள் மற்றவர்களைப் பார்த்துப் பழகிய பார்வைதான். இதுவரை எதிர்ப்பக்கம் நின்று வாங்கியதில்லை.

"சரி, இன்னும் ஒரு மாதம். இந்த முறை சொல்லாமல் வருவேன்."

"வாருங்கள்."

உள்ளே போனபோது எல்லோரும் கிளம்பிவிட்டிருந்தார்கள். மேஸ்திரி மட்டும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா சொன்னாரு?"

"நீங்க கட்டாயம் வரணுமாம்."

"அந்த ஆளா சொன்னான்?"

"ஆமாண்ணே."

"ம்," என்றார் மேஸ்திரி, கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைக்காமல் அவளை உற்றுப் பார்த்து.