சுருதி தப்பிய குடும்ப ஜெபம்

என் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. செகண்ட் ஷிப்ட் வாரங்களில் எங்கள் குடும்ப ஜெபம் மத்தியானத்தில் நடக்கும். கம்பெனி பஸ் வருவதற்குள் பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம் எல்லாம் முடிந்தாக வேண்டும். பாட்டை நான்தான் ஆரம்பிப்பேன். தண்டலம் பக்கம் எங்கள் சபையிலும் நான் எடுத்துக் கொடுத்தால்தான் பாட்டு. வீட்டு ஜெபத்தில் அவரும் சேர்ந்து பாடினால் கண்ணைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பேன். பாவம், அப்புறம் உதட்டை மட்டும் அசைப்பார். அவர் பாடுவது எந்த ராகத்திலும் சேராது.

போன வருஷம் என் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டு ஆபரேஷன் செய்து, கட்டியை டெஸ்டுக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் இல்லை என்று வந்துவிட்டது. ஆனால் ஆபரேஷனில் குரல் நரம்பு பாதிக்கப்பட்டு, குரல் போய்விட்டது. பேசினால் வெறும் காற்றுதான். வந்தாலும் வரும், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

ஆண்டவர்மேல் எனக்குக் கோபமோ கோபம். உமக்குப் பாடின தொண்டைதானா கிடைத்தது என்று மனசுக்குள் சண்டை போட்டேன். பாஸ்டர் வீட்டுக்கு வந்து, கர்த்தர் உன்னைப் புடமிடுகிறார் என்றார். நல்ல மனுஷர்தான். ஆனாலும் அன்றைக்கு அவருக்குக் காபி போட்டுக் கொடுக்கக்கூட எனக்கு மனசு வரவில்லை.

வீட்டில் ஜெபம் பாட்டில்லாமல் நடந்தது. ஒருநாள் மத்தியானம், யூனிஃபார்மோடு பாயில் உட்கார்ந்த என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"நான் பாடறேன். சிரிக்கக் கூடாது, இன்னா?"

எட்டாத உயரத்தில் ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் மூச்சு முட்டி நின்றார். கீழே இறங்கி மறுபடி ஆரம்பித்தார். நிறுத்தச் சொல்ல எனக்குக் குரலில்லை. முழுப் பாட்டையும் பாடிவிட்டு ஜெபித்தார்.

"ஆண்டவரே, இவ குரலுக்காக அழுதுகினே கீறா. ஆஸ்பத்திரி வராண்டாவுல நான் குரலக் கேக்கல, ஆளத்தான் கேட்டேன். ஆளக் குடுத்துட்டீங்க. ஸ்தோத்திரம். குரலயும் குடுத்தா நல்லா இருக்கும். குடுக்கலன்னாலும் ஸ்தோத்திரம்."

ஆபரேஷனுக்கு முன்னால் "டென்ஷன் ஆவாத" என்று எனக்குத் தைரியம் சொன்னவர் அவர். அவருக்குள் அவ்வளவு பயம் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. உயிர் பிழைத்ததற்கு நான் ஒருநாள்கூட நன்றி சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. குரல், குரல் என்றே கிடந்திருக்கிறேன். இத்தனை வருஷம் பாடியது ஆண்டவருக்காகவா, என் பெருமைக்காகவா என்று சந்தேகமே வந்துவிட்டது. சத்தமில்லாமல் அழுதேன். அவர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

குரல் இப்போது பாதி வந்திருக்கிறது. அதற்கும் ஸ்தோத்திரம். மேலே ஏறினால் கரகரக்கிறது. சபையில் ஒரு காலேஜ் பெண் பாட்டு எடுத்துக் கொடுக்கிறாள். நன்றாகவே பாடுகிறாள். இதை வயிற்றெரிச்சல் இல்லாமல் சொல்ல முடிகிறதே, அதுதான் எனக்கே ஆச்சரியம்.

வீட்டில் மட்டும் அவரைத்தான் ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

"அதான் குரல் வந்துடுச்சே, நீயே பாடேன்."

"நீங்க பாடுங்க. நான் பின்னாடியே வர்றேன்."

அவர் தப்பான சுருதியில்தான் ஆரம்பிக்கிறார். நானும் அதே சுருதியில் சேர்ந்துகொள்கிறேன்.