சாம்பல் நிறக் கட்டங்கள்

ஒடுகத்தூரில் என் ஸ்டுடியோவுக்கு வருவது பெரும்பாலும் கல்யாணமும் காதுகுத்தும்தான். ஜவ்வாது மலையில் ஒரு ஊர்த் திருவிழாவை ஆசைக்காகப் படமெடுத்தேன். எல்லோருக்கும் போட்டுக் காட்டுகிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டு வந்தேன்.

அசல் படங்கள் ஸ்டுடியோவின் பெரிய ஹார்டு டிஸ்கில் இருக்கும். அடுக்கி வைக்கும் மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு நகலைச் செய்து வைத்துக்கொள்ளும். வெளியூர் போகும்போது படங்களின் பட்டியலையும் அந்த நகல்களையும் மட்டும் சின்ன டிஸ்கில் ஏற்றிக்கொண்டால் போதும், திரையில் படம் தெரியும். இந்த முறை நகல்கள் டிஸ்கில் ஏறுவதற்கு நேரமானது. நகல் ஃபோல்டரை விட்டுவிடச் சொல்லி டிக் போட்டேன். அது தானாக மறுபடி உருவாகும் என்று எங்கோ படித்த ஞாபகம். உருவாவதற்கு அசல் வேண்டுமே என்று யோசிக்கவில்லை. திறந்து பார்க்காமலே மலையேறிவிட்டேன்.

ஊரே கூடியிருந்தது. முன்னால் ஒரு பெண். திருவிழாவில் மேளம் அடித்த அவள் கணவர் அதன்பின் இறந்துவிட்டார்.

"ஆதார் கார்டுல இருக்கறது அவரு மாதிரியே இல்லக்கா. வேற போட்டோவே கிடையாது" என்றாள்.

டிஸ்கை லேப்டாப்பில் மாட்டித் திறந்தேன். வரிசையாகச் சாம்பல் நிறக் கட்டங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு எண், அவ்வளவுதான்.

"இன்னாக்கா, கெட்டுப் போச்சா?" என்றார் ஒருவர். நான் எதையோ முணுமுணுத்தேன். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவள் மட்டும் போகவில்லை.

"இதுல எது அக்கா அவரு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு கட்டத்தைக் காட்டினேன். அதன்மேல் மெதுவாக விரலை வைத்தாள்.

"சிரிக்கிறாரா?"

"ஆமாம்மா."

வீட்டுக்கு வந்து அந்த எண்ணைத் தேடினேன். கொடிக்கம்பம், அதனடியில் குவிந்த செருப்புகள். அவர் முகம் தெரிந்தது ஒரே படத்தில்தான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, என் கேமராவை எரிச்சலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டமிட்டு எடுத்துப் போனேன். அவள் வாசலிலேயே பிரித்து வெகுநேரம் பார்த்தாள்.

"சிரிக்கலியேக்கா."

"அன்னிக்குப் பொய் சொல்லிட்டேம்மா. அந்தக் கட்டத்துல இன்னா இருந்துச்சின்னு எனக்கே தெரியாது."

அவள் கோபப்படவில்லை. "வூட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே, சிரிக்கிறாருன்னு" என்றாள். பிறகு உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாள்.

டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோது அவள் மாமியார் காட்டிலிருந்து வந்தார். படத்தைக் கையில் வாங்கி மகனின் முகத்தைத் தடவினார்.

"சிரிக்கிற போட்டோன்னு சொன்னியே?"

"அது வேற, அத்தே. சிரிக்கறதுக்கு முன்னாடி எடுத்தது இது" என்றாள் அவள், என் பக்கம் பார்க்காமல்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.