மெடிக்கலில் பாஸானவர்

என் அப்பா தன் கைக்குட்டையைத் தானே துவைத்துக்கொள்வார். வேறு எதையும் துவைக்க மாட்டார். சட்டை, வேட்டி, படுக்கை விரிப்பு எல்லாம் வாஷிங் மெஷினுக்குப் போய்விடும். கைக்குட்டை மட்டும் காலை ஆறு மணிக்கே சோப்புப் போட்டுக் கசக்கப்பட்டு, மாடிக் கொடியில் கிளிப் மாட்டிக் காயும். இந்த ஒழுங்கைப் பற்றி எங்கள் பள்ளி ஸ்டாஃப் ரூமில் பெருமை அடித்திருக்கிறேன். ஆண்கள் திருந்துவதற்கு எழுபது வயதாவது ஆக வேண்டும் என்று கேலியும் செய்திருக்கிறேன்.

அப்பா கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு அம்மாவையும் கூட்டிக்கொண்டு பெங்களூரு காக்ஸ் டவுனில் இருந்த என் வீட்டுக்கு வந்தார். அம்மா போய் ஏழு வருடமாகிறது. நான் கல்யாணம் செய்துகொள்ளாததால் வீட்டில் இப்போது நாங்கள் இரண்டே பேர்.

எங்கள் ஊர்க்காரர் வீடுகளில் இருமலை யாரும் நோயாக நினைப்பதில்லை. கேட்டால் "தூசி" என்பார்கள். பாறையைத் துளைக்கும்போது கிளம்பும் தூசி நுரையீரலில் தங்கி, வேலையை விட்டு எத்தனை வருடமானாலும் இருமிக்கொண்டே இருக்க வைக்கும். என் தாத்தா இருமினார், பெரியப்பா இருமினார், பக்கத்து லைன் வீடுகளில் இருந்தவர்கள் எல்லோரும் இருமினார்கள். அதனால் அப்பாவின் இருமல் கூடியபோதும் நான் பதறவில்லை. இரண்டு தெரு தள்ளி நர்சிங் ஹோம் வைத்திருக்கும் டாக்டரிடம் அழைத்துப்போனேன். அவரும் எங்கள் ஊர். அவர் அப்பாவும் என் அப்பாவும் ஒரே சுரங்க ஷாஃப்டில் இறங்கியவர்கள். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, "பழைய தூசிதான் மாமா" என்றார். அப்பா, நானே சொன்னேனே என்பதுபோல என்னைப் பார்த்தார். நானும் நிம்மதியாக வீட்டுக்கு வந்து விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன்.

எட்டு மாதம் கழித்து, வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு அப்பா இளைத்த பிறகு, அதே டாக்டர்தான் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பிறகு ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். தூசிக்கு நடுவே, தூசி மாதிரியே, புற்றுநோய் உட்கார்ந்திருந்தது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கணக்கு டீச்சர் நான். தப்பு எந்த வரியில் நடந்தது என்று கண்டுபிடித்துச் சிவப்பு மையால் சுழித்தால்தான் மனசு ஆறும். அந்த எக்ஸ்ரே நாளைச் சுழித்தேன். அந்த டாக்டரைச் சுழித்தேன். ஊரின் மறுகோடியில் புற்றுநோய்க்கென்றே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போவது என்று முடிவு செய்துகொண்டேன்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"நம்ம டாக்டர் தம்பியே பார்க்கட்டும்மா. சனிக்கிழமையில கேன்சர் டாக்டரு ஒருத்தரு அங்கயே வந்து மருந்து ஏத்துறாராம்."

"தூசின்னு சொன்ன ஆளுப்பா அவரு. எட்டு மாசம் போச்சு."

"அந்தத் தம்பி மேல இன்னா தப்பு கீது?"

"இன்னா தப்பா? படத்தைப் பார்க்கத் தெரியல, அதான் தப்பு."

அப்பாவின் பிடிவாதத்துக்குச் சத்தம் இருக்காது. நான்கு நாள் காபி மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தார். பெரிய ஆஸ்பத்திரி என்று நான் தொடங்கினாலே எழுந்து மாடிக்குப் போனார்.

ஐந்தாம் நாள் நர்சிங் ஹோமுக்குச் சண்டை போடவே போனேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். ஒன்றும் பயன்படவில்லை. நான் நாற்காலியில் உட்காரும் முன்பே டாக்டர் அந்தப் பழைய எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் மாட்டினார்.

"அக்கா, அன்னிக்கு நான் மாமா நெஞ்சைப் பார்க்கல. எங்கப்பா நெஞ்சைப் பார்த்தேன். அவருக்கும் இப்படித்தான், புள்ளி புள்ளியா இருக்கும். பார்த்த உடனே தூசின்னு தோணிடுச்சு. வேற எதையும் தேடல."

படத்தைக் கழற்றி உறைக்குள் போட்டார்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போங்க. பின்னாடி ரேடியேஷன் தேவைப்படும், அந்த மெஷின் எங்ககிட்ட இல்ல. அதோட, நம்ம ஊரைத் தெரியாத ஒரு கண்ணு இதைப் பார்க்கணும். மாமாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

தப்பை ஒத்துக்கொண்டவரிடம் சண்டை போடுவது கஷ்டம். எழுந்து வந்துவிட்டேன். ஆனால் மன்னித்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. கோபத்தை அப்படியே மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன்.

டாக்டர் சொன்னதும் அப்பா சம்மதித்தார். நான் நான்கு நாளாகச் சொன்னது காதில் ஏறவில்லை, அவர் ஒரு நிமிஷம் சொன்னது ஏறியது. எனக்கு அதுவும் எரிச்சல்தான்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். அதற்கு முன் அப்பா தானே அடுப்பைப் பற்றவைத்து, சுக்கும் பனைவெல்லமும் போட்டுக் கொதிக்கவிட்டு ஒரு டம்ளர் குடித்தார். சட்டையை இஸ்திரி போட்டு வாங்கி வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் மெஷினில் ஏறும்போது சட்டைப் பையிலிருந்த செல்போன், சாவிக்கொத்து, எப்போதும் வைத்திருக்கும் சின்ன டார்ச் லைட், எதையும் எடுக்கவில்லை. எடுங்கள் என்று நான் சொன்னது கேட்காதவர்போல நிமிர்ந்து நின்றார்.

முதலில் ஓர் இளம் டாக்டர் வந்து கேள்விகள் கேட்டாள். பாதி கன்னடம், பாதி ஆங்கிலம். அப்பாவுக்கு இரண்டும் புரியும்.

"கெம்மல்லி ரக்த பருத்தா, தாத்தா?" இருமினால் ரத்தம் வருகிறதா என்று கேட்டாள்.

"இல்ல."

நெஞ்சு வலி? இல்ல. மூச்சு வாங்குகிறதா? இல்ல. சாப்பாடு இறங்குகிறதா? நன்றாக. தூக்கம்? பிரமாதம். அந்தப் பெண் எழுதிக்கொண்டே போனாள். மாடிப்படி ஏறுகையில் நடுவில் இரண்டு முறை நின்றவர் இவர்தானா என்று நான் யோசித்தேன். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையை வாசலில் வரும்போதே கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. அப்பா முகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு தெளிவாகப் பதில் சொன்னார்.

அன்று மாலை நர்சிங் ஹோமுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். சுக்குத் தண்ணீரையும் டார்ச் லைட்டையும் சொன்னபோது டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"மாமா மெடிக்கல் பாஸ் பண்ணியிருக்காருக்கா."

சுரங்கத்தில் அவ்வப்போது நெஞ்சுப் பரிசோதனை நடக்கும். ஃபெயிலானவனை அடியில் இறங்கவிட மாட்டார்கள். மேலே ஏதாவது வேலைக்கு மாற்றுவார்கள். கூட இறங்கியவர்களை விட்டு மேலே பெருக்கிக்கொண்டிருப்பதை ஆம்பிளைகள் அவமானமாக நினைத்தார்கள். அதனால் மெடிக்கல் அன்றைக்குச் சுக்கும் பனைவெல்லமும் குடித்து இருமலை அடக்கிக்கொண்டு, பையில் கனமாக எதையாவது போட்டுக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டு வருவார்களாம். நான் அந்த ஊரில்தான் வளர்ந்தேன். இது எனக்குத் தெரியாது. பெண்பிள்ளைகள் காதுக்கு வராத விஷயம் போலிருக்கிறது.

"எங்கப்பாவும் இதையேதான் பண்ணுவாரு. மாமா என்கிட்டயும் பண்ணியிருப்பாருன்னு எனக்குத் தோணாமப் போச்சு பாருங்க" என்றார் டாக்டர்.

அவரே வழியும் சொன்னார். வைத்தியம் பெரிய ஆஸ்பத்திரியில்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் அங்கே போவதற்கு முந்தின நாள் அப்பாவைத் தன்னிடம் அழைத்துவர வேண்டும். அப்படியே செய்தோம். அவர் அப்பாவிடம் உடம்பைப் பற்றிக் கேட்கவே மாட்டார். பழைய ஃபோர்மேன்களைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். டீ வரும். யார் யாரை எப்படி ஏமாற்றினார்கள் என்று அப்பா உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். அரைமணி கழித்து, "இப்ப கால் மரத்துப் போவுதா மாமா?" என்றால், "ஆமாம்ப்பா, ராத்திரியில" என்று வந்துவிடும். அதை ஒரு காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு என்னிடம் கொடுப்பார். பெரிய ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டரம்மா முதல் கடிதத்தைப் படித்துவிட்டு, தன் ஃபைலில் இருந்ததையும் பார்த்துவிட்டு, "இந்த டாக்டரை விட்டுடாதீங்க" என்றார். அவரைத்தான் நான் விட்டுவிட நினைத்தேன் என்று சொல்லவில்லை.

அந்தக் கடிதங்களை நம்பித்தான் இரண்டு கீமோ ஏறியது. மூன்றாவதற்கு முந்தின நாள் டாக்டர் ஊரில் இல்லை. நெருங்கிய சொந்தத்தில் ஒரு சாவு, தங்கவயலுக்குப் போயிருந்தார். போனில் என்னிடம் சொன்னார்: "காய்ச்சல் இருந்தா மறைக்கக் கூடாதுக்கா. கீமோ உடம்புல அது ஆபத்து. எப்படியாவது கேட்டு வாங்குங்க."

கேட்டேன். "காய்ச்சல் இருக்காப்பா?" "இல்ல." நெற்றியைத் தொடக் கையை நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். பழைய ஃபோர்மேன்களை எனக்குத் தெரியாது. என்னால் அரைமணி நேரம் டீ குடித்துக்கொண்டு காத்திருக்கவும் முடியாது. அந்த டாக்டரின் பொறுமையில் கால்வாசி எனக்கு இல்லையே என்று அன்றைக்குத்தான் வெட்கப்பட்டேன். பயமாகவும் இருந்தது. ஒரு தப்பால் எட்டு மாதம் போய்விட்டதென்றால், ஒரு பொய் ஆளையே கொண்டுபோகும்.

மறுநாள் காலை அப்பா அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் எடை மெஷினுக்கு முன்னால் நின்று சாவிக்கொத்தையும் போனையும் டார்ச் லைட்டையும் எடுத்து என் கையில் கொடுத்தார். அதே இளம் டாக்டர் வந்து அதே கேள்விகளை ஆரம்பித்தாள். அப்பா தமிழிலேயே சொன்னார்.

"ரெண்டு நாளா காய்ச்சல் அடிக்குதும்மா. சளியில ரத்தம் வருது. அது இப்ப வந்தது இல்ல. மொத மொத எக்ஸ்ரே எடுத்தாங்களே, அதுக்கு முன்னாடியிலேருந்து வருது. அந்த டாக்டர் தம்பி கேட்டுச்சு. நான்தான் இல்லன்னு சொன்னேன்."

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் அவ்வளவு வராது. நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. கடைசி வாக்கியங்களைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. நான் சிவப்பு மையால் சுழித்து வைத்திருந்த ஆள் வேறு.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பெரிய அபாயம் இல்லை, மாத்திரை போதும், இன்றைக்குக் கீமோ வேண்டாம், அடுத்த வாரம் வரலாம் என்றார் டாக்டரம்மா. இரவில் காய்ச்சல் ஏறினால் பக்கத்து நர்சிங் ஹோமுக்கே உடனே போய்விடச் சொன்னார். ஆட்டோவில் திரும்பினோம். சில்க் போர்டு சிக்னலில் வண்டி நகராமல் நின்றது.

"வீட்ல உன் வாயில அந்தத் தம்பி எவ்ளோ பேச்சு வாங்கிச்சு. அதுகிட்டயே மருந்து எடுத்துக்கிட்டா, அது பேராவது கெடாதுன்னு பார்த்தேன். அது ஊர்ல இல்லாத நேரத்துல எனக்கு எதுனா ஆனா, மறுபடியும் அது மேலதான் பழி வரும்" என்றார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்லப்பா."

சிக்னல் விழுந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"இன்னிக்கு ஃபெயில்தானேம்மா?"

"இல்லப்பா. அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் துணிகளை மெஷினில் போட எடுத்தேன். என் புடவை, அவர் வேட்டி, காலையில் போட்டிருந்த சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே, மடிக்காமல், துவைக்காமல், சிவப்புப் படிந்த அவருடைய கைக்குட்டை கிடந்தது.