தங்கிய பால்

வாடிய மல்லிகையின் வாசம் எங்கிருந்து வந்தாலும் என் கை தானாக மார்புச் சேலையை இழுத்து மூடும். மற்றவர்களுக்கு அது கூந்தல் பூ. எனக்கு அது பாலை நிறுத்தக் கட்டிய மருந்து.

சகோதரிகளே, இதை நான் இத்தனை காலம் சொல்லாததற்குக் கூச்சம் காரணமில்லை. சொல்ல வாயெடுத்தால் உள்ளே எதுவும் அசையாது. இப்போது கொஞ்சம் அசைகிறது. அளவற்ற அருளாளனை நினைத்துக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.

எமர்ஜென்சி முடிந்த அடுத்த பங்குனி. மலைமேல் எங்கள் காவலூரில் நட்சத்திரம் பார்க்கும் தொலைநோக்கிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. சிமெண்ட் லாரிகள் ஏறி இறங்கும். என் கணவர் ரஹீம் பஸ் நிற்கும் இடத்தில் தையல் கடை வைத்திருந்தார். முன்னால் கடை, பின்னால் ஓர் அறை. அந்த அறையில்தான் எங்கள் முதல் பிள்ளை பிறந்தான். அழவில்லை. அடக்கத்துக்கான வெள்ளைத் துணியை அவரே வெட்டினார். கத்தரி துணியில் போகும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

பிள்ளை போய்விட்டான். பால் வந்துவிட்டது. யாருக்கு வருகிறோம் என்று அதற்குத் தெரியவில்லை.

கணவரின் அக்கா ஜைனபு துணைக்கு வந்திருந்தார். மலைக்குக் கீழேயிருந்து பஸ்ஸில் மல்லிகைப் பூ வரவழைத்து, மார்பில் பரப்பி, துணியால் இறுக்கிக் கட்டினார். பிள்ளை பெற்ற தீட்டு நாட்களில் எனக்குத் தொழுகை இல்லை. துஆ மட்டும்தான் இருந்தது. அதுவும் ஒன்றே ஒன்று. யா அல்லாஹ், இதை நிறுத்திவிடு. கண்ணீர் விட்டுக் கேட்கவில்லை. கடையில் உப்புக் கேட்பதுபோலக் கேட்டேன். சோறு வைத்தால் தின்றேன். பூ வாடும், மாற்றுவார். துணி நனையும், மாற்றுவார். பிறகு மெல்ல நனைவது குறைந்தது. நல்லது என்றார் ஜைனபு. எனக்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

அப்படி ஒரு மத்தியானம் பக்கத்து டீக்கடையில் ஒரு பச்சைக் குழந்தை அழுதது. வலுவில்லாத அழுகை. என்னைக் கேட்காமலே என் மார்பு நனைந்தது. எழுந்தேன். முடிவு செய்து எழவில்லை, கால்கள் எழுந்தன.

டீக்கடை வாசலில் பொன்னி என்கிற மலைக்காரப் பெண் அண்ணன் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளையைப் பெற்ற அண்ணி குப்பு ஜன்னி கண்டு வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அண்ணன் அவளோடு போயிருந்தான். பொன்னி ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்துப் பிழிந்து பார்த்திருக்கிறாள். குழந்தை எல்லாவற்றையும் கக்கியது. பிள்ளையின் உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது.

"ஆட்டுப்பாலு குடிச்சி ஆட்டுக்குட்டியாட்டமே கத்திக்கினு இருந்தான். இன்னிக்கி அதுவும் இல்ல," என்றாள் பொன்னி. சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

நான் கையை நீட்டினேன். டீக்கடைக்காரர் மனைவி நடுவில் வந்தாள்.

"இந்தம்மாவுக்குப் புள்ள செத்து இன்னும் ஒரு மாசங்கூட ஆவுல. அந்தப் பாலு ஆவாதுடி."

"பாலுல இன்னாக்கா செத்தது பொழச்சது? நீ குடுக்கிறியா? இல்லல்ல. நவுரு," என்றாள் பொன்னி.

என் கணவர் மிஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார். "வாசல்ல ஏன் நிக்கிறீங்க? உள்ள கூட்டிட்டுப் போ," என்றார்.

கட்டை அவிழ்த்தேன். கறுத்த பூக்கள் மடியில் உதிர்ந்தன. குழந்தை பிடித்தான், இழுத்தான், விட்டான். இரண்டு சொட்டு வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. மீண்டும் இழுத்தான். வலி மட்டும் வந்தது. நான் கேட்டது கிடைத்திருந்தது, பால் நின்றுகொண்டிருந்தது.

ஜைனபு காதருகில் சொன்னார். "நம்ம மார்க்கத்துல, அஞ்சு வாட்டி வயிறு ரொம்பக் குடிச்சான்னா அவன் உனக்குப் புள்ளைடி. நாளைக்கு உனக்கொரு பொண்ணு பொறந்தா அவளுக்கு அண்ணன். தெரிஞ்சிதான் செய்யிறியா?"

"மொதல்ல ஒரு வாட்டி ரொம்பட்டும் அக்கா," என்றேன்.

அன்று எனக்கு வேறு துஆ தெரியவில்லை. யா அல்லாஹ், நிறுத்து என்று கேட்டேன். இப்போது வேண்டாம். இது தங்கட்டும். இவன் தங்கட்டும். குரல் நடுங்கவில்லை. மனம் மரத்துத்தான் இருந்தது. ஆனால் கேட்டேன்.

பொன்னியும் பிள்ளையும் எங்கள் அறையிலேயே தங்கினார்கள். ஜைனபு முருங்கைக்கீரையும் பூண்டும் கேழ்வரகுக் கூழுமாக எனக்குப் போட்டபடி இருந்தார். குழந்தை விடாமல் இழுத்தான். மறுநாள் அந்தியில் அவன் தொண்டையில் மடக் மடக்கென்று ஒரு சத்தம். விழுங்குகிறான். பொன்னி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜைனபு அல்ஹம்துலில்லாஹ் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் இரண்டு மார்பிலும் நின்று நிறைந்தது. பிறகு குறையவே இல்லை.

பரக்கத் என்றால் பெருகுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். துணி விற்றால் பரக்கத், புளி காய்த்தால் பரக்கத். அரபியில் ஒட்டகம் மண்டியிட்டு ஓரிடத்தில் அமர்வதற்கும் அதே வேர்தான் என்று பின்னாளில் படித்தேன். தண்ணீர் ஓடிப்போகாமல் தங்கும் குளத்துக்கு பிர்கா என்று பெயராம். நிஃமத் என்பது கொடுக்கப்படுவது. கொடுத்தது நம்மிடம் தங்குவது பரக்கத். ரஹ்மத் என்கிற அருளுக்கும் கருப்பைக்கும் ஒரே வேர் என்று படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அடுத்த நாள் திறந்தேன்.

பிற்பாடு எனக்கு ஒரு மகள் பிறந்தாள். நான் பால் கொடுத்த அந்தப் பிள்ளையை அவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறாள். என் துஆக்கள் இப்போது சிறியவை. கேட்டுவிட்டுக் கையை விரித்தே வைத்திருக்கிறேன். சகோதரிகளே, உள்ளம் உருகவில்லையே, நம் துஆ எப்படிப் போய்ச் சேரும் என்று இருந்துவிடாதீர்கள். மரத்த நாவாலும் கேளுங்கள். அவன் கேட்கிறவன். புகழ் எல்லாம் அவனுக்கே.

குப்பு பிழைத்து வந்தாள். கோடை மழை தொடங்கியிருந்தது. எலும்பும் தோலுமாக பஸ்ஸிலிருந்து இறங்கி, எங்கள் கடை வாசலில் நின்று, தன் மகனை முதல் தடவை பார்க்கிறவள்போலப் பார்த்தாள். அவளுக்குப் பால் வற்றியிருந்தது. சோறு ஊட்டும் வயது வரும்வரை பொன்னி தினமும் அவனைத் தூக்கி வருவது என்று பேசிக்கொண்டோம். ஆனால் ராத்திரி இனி அவள் வீட்டில்தான். நான் அவனைக் கொடுத்தேன். கை லேசானது. அப்போதுதான், அத்தனை நாளுக்குப் பிறகு, என் கண்ணில் நீர் வந்தது.

குப்பு நாலடி போய்த் திரும்பினாள். கேட்கக் கூச்சப்பட்டாள்.

"அக்கா, இவன் எப்பிடிக்கா தூங்குவான்?"

"தோள்ல போட்டுக்கினு நட. நின்னா முழிச்சிக்குவான்."