செப்புக்குடத்தைச் சிறிதாக்கியது

எங்கள் மணவறையில் நிறைகுடமாக நின்ற செப்புக்குடமே பின்னர் வெள்ளவத்தை வீட்டின் குடிநீர்க் குடமாயிற்று. மனைவிக்குத் தாய்வீட்டார் தந்த சீர் அது. மணவறை கண்ட குடம் குறைந்து நிற்கலாகாது என்பது அவள் கொள்கை. மாலையில் விளக்கேற்றுமுன் விளிம்புவரை நிரப்பிவிடுவாள். அவள் மறைந்தபின் அவ்வழக்கத்தை நான் கைவிடவில்லை. ஆயினும் சென்ற ஆண்டு, நிரம்பிய குடத்தைக் குழாயடியிலிருந்து தூக்க என் கைகளால் இயலாமற்போயிற்று.

வெளிநாட்டிலிருக்கும் மகள் தொலைபேசியில் கடிந்துகொண்டாள்.

"அப்பா, விழுந்து கிடந்தா ஆர் பாக்கிறது? அதை ஆருக்கும் குடுத்திட்டுப் போத்தல் தண்ணி வாங்குங்கோ. இல்லாட்டி அரைவாசிக்கு விடுங்கோவன்."

அரைவாசி விட்டுப் பார்த்தேன். விளக்கேற்றும் வேளையில் அந்தக் குறைகுடத்தைக் காணப் பொறுக்கவில்லை. கொடுத்துவிடவும் மனம் வரவில்லை. மறுநாளே அதை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குச் சென்றேன். அங்கே ஒரு சந்தில் செப்புப் பாத்திரம் அடிப்பவர் ஒருவர் இருக்கிறார்.

"ஒடுக்கு எடுக்கணுமா, ஐயா?" என்றார்.

"இல்லை. இதைச் சின்னதாக்க வேணும். நிறையத் தண்ணி விட்டாலும் நான் தூக்கக்கூடின அளவுக்கு."

அவர் சிரித்துவிட்டார். "எல்லாரும் பெருசு கேட்டுத்தான் வருவாங்க. கல்யாணக் குடத்தப் போய் வெட்டச் சொல்றீங்களே, அம்மா ஏசமாட்டாங்களா?"

"ஏசுறதுக்கு அவ இல்லை."

அவர் சிரிப்பு நின்றது. குடத்தைக் கவிழ்த்து, அதன் வயிற்றை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"நல்ல கனமான தகடு. ரெண்டு சின்னக் குடம் வரும் ஐயா. ஒண்ணு ஒங்களுக்கு. மத்தது யாருக்கு?"



"எனக்கு ஒண்டு காணும். மிச்சத் தகட்டை நீங்களே வச்சிருங்கோ," என்றேன்.

கத்தரி குடத்தின் கழுத்தில் இறங்குமுன் வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் புதிய குடம் கைக்கு வந்தது. சுத்தியலின் தழும்புகள் உடலெங்கும் சிறு செதில்களாக மின்னின. அன்று மாலை குழாயைத் திறந்தேன். நான் சற்றுத் திரும்புவதற்குள் நிரம்பிவிட்டது. ஒரு துளியும் சிந்தாமல் தூக்கினேன். பழைய குடம் இருந்த ஓலை வளையத்தில் அதனை இருத்தியபோது, வளையத்தினூடே வழுக்கித் தரையைத் தொட்டது. குனிந்து எடுத்து, சாப்பாட்டு மேசையில் என் கதிரைக்கு எதிரே வைத்துவிட்டு, விளக்கேற்றச் சென்றேன்.