புளியங்கொட்டைகளும் ஆறு தீப்பெட்டிகளும்

கார்த்திகை பதினெட்டு, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். வடகிழக்கிலிருந்து காற்று, விட்டு விட்டு மழை. சதுரங்கப்பட்டினம் முழுக்க நெட் போய்விட்டது.

வீட்டிலிருந்தபடியே சென்னை கம்பெனிக்குக் கணினி நிரல் எழுதும் என் மகள் மடிக்கணினியை மூடினாள். "நெட் இல்லாம ஒரு வரி எழுத முடியாதுப்பா. டவுட்னா யாரக் கேக்குறது?" என்றாள். யாருக்கோ போன் செய்து சண்டை போட்டாள். அதற்குள் அடுப்பில் பால் அடிபிடித்துவிட்டது.

கருகல் வாடை எனக்கு ஆகாது. உடனே விமலா ஞாபகம் வந்துவிடும்.

அப்போது நான் செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. விமலா எங்கள் ஊர் பால்வாடி ஆசிரியை. எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். அலுவலகத்துக்கு ஒரே ஒரு கணினி வந்தது. கண்ணாடி அறை, குளிர்சாதனம், மேலே வெள்ளைத் துணி. செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நின்று பார்க்கலாம். மாதக் கடைசியில் அதற்கு நிரல் எழுதும் தேர்வு. தேறினால் அந்த அறையில் வேலை, தவறினால் தெற்கே ஏதாவது ஒரு மாவட்டத்துக்கு மாற்றல். விமலா வேலையை விட்டு வர முடியாது. ஆளுக்கொரு ஊரில் குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

கையில் இரவல் புத்தகம் ஒன்று. சந்தேகம் கேட்க ஒரு நாதி இல்லை. நான் புலம்பிய புலம்பலில் விமலாவே சொன்னாள்: "சரி, நான் மெஷினா இருக்கேன். நீங்க எழுதிக் குடுங்க."

பால்வாடியிலிருந்து புளியங்கொட்டை வந்தது. ஆறு தீப்பெட்டிகளின் மேல் பெட்டிக்கோர் எழுத்து ஒட்டினோம். நான் எழுதிய வரிகளை ஒவ்வொன்றாகப் படித்து, பெட்டிகளில் கொட்டைகளைப் போடுவாள், எடுப்பாள். எழுதியதை மட்டும்தான் செய்வாள். மெஷினான பிறகு மரியாதையும் கிடையாது. சும்மா சொல்லக்கூடாது, அதில் அவளுக்குத் தனி சந்தோஷம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்று முதல் பத்து வரை கூட்டுகிற நிரல். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணும் பெட்டியில் ஒரு கொட்டை கூட வேண்டும். அந்த வரியை நான் எழுத மறந்துவிட்டேன். எண்ணும் பெட்டியில் ஒன்றே இருந்தது. பத்து வந்தால்தானே நிற்பாள்? கூட்டல் பெட்டி நிரம்பித் தரையில் வழிந்தது. அவள் போட்டுக்கொண்டே இருந்தாள். அடுப்பில் சோறு.

"அடி புடிக்குது விமலா, எழுந்திரு."

"நிறுத்துன்னு நீ எங்க எழுதிகீற?"

"ஐயோ, நெனச்சேன், விட்டுட்டேன்."

"நான் இன்னா உன் மனசுக்குள்ளயா கீறேன்? எழுதுனாத்தான் தெரியும்."

பாத்திரத்தின் அடி கரியாகிவிட்டது. மேல் சோற்றைச் சிரித்துக்கொண்டே தின்றோம். தேர்விலும் இப்படி ஒரு சுற்று வந்தது. அந்த வரியை மறக்கவில்லை. மாற்றல் இல்லை. ஒரே வீட்டில் முப்பத்துநான்கு வருஷம்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. பேர்கள் போயின, மகள் முகம் போனது. ஒரு கேள்வி மட்டும் தங்கிவிட்டது.

"அடுப்ப நிறுத்துனீங்களா?"

"நிறுத்திட்டேன் விமலா."

கண்ணை மூடித் திறப்பாள். "அடுப்ப நிறுத்துனீங்களா?"

முதல் நாள் நாற்பத்துமூன்று வரை எண்ணினேன். எதையும் எண்ணாமல் இருக்க முடியாத நான் அதோடு எண்ணுவதை விட்டுவிட்டேன். எந்த வரி விட்டுப்போயிற்று என்று டாக்டருக்கும் தெரியவில்லை. போன மாசி மாதம், ஒரு மத்தியானம், மூச்சோடு கேள்வியும் நின்றது.

பதினொன்றே முக்காலுக்கு நெட் வந்துவிட்டது. மகள் மறுபடி தட்டத் தொடங்கினாள். கண்ணாடி அறை இன்று இல்லை, அந்தக் கணினியைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். தீப்பெட்டிகளை எந்தக் கரையான் தின்றதோ. அந்தத் தேர்வுக்குப் படிக்க ஆன செலவை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தீப்பெட்டி ஆறு, ஒன்றரை ரூபாய். காகிதம் ஏழு ரூபாய். கருகியதற்குப் பதிலாக வாங்கிய அலுமினியப் பாத்திரம் இருபத்திரண்டு ரூபாய். மெஷின் வாடகை இல்லை. ஆக மொத்தம் முப்பது ரூபாய் ஐம்பது காசு.