மாவு மில் சத்தத்தில் எனக்குக் கிடைத்த பதில்

என் பெயரை நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். பல வருடங்களாக ஞாயிறு பூசையில், மன்றாட்டு நேரத்தில், அதை வாசிக்கிறார்கள். "மனநோயால் வாடும் பிலோமினா குணமடைய..." நீங்கள் ஒரே குரலில் பதில் சொல்வீர்கள். செத்துப்போன யாரோ ஒருத்திக்காக வேண்டுவதுபோல நானும் சேர்ந்து சொல்வேன். என் பெயரைக் கேட்டவர்களே, இன்று என் குரலையும் கேளுங்கள்.

எனக்கு மனச்சிதைவு நோய். இல்லாத ஆட்கள் என் காதில் பேசுவார்கள். கொஞ்ச மாட்டார்கள், ஏசுவார்கள். "நீ எதுக்குடி இருக்க?" என்பார்கள். மாத்திரை அவர்களைத் தள்ளி உட்கார வைக்கும், விரட்டாது. வாசற்படியில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

அம்மா போனபிறகு, முத்தியால்பேட்டையில் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். ஏதாவது வேலைக்குப் போனால் நல்லது என்று டாக்டர் சொன்னார். நல்ல வார்த்தைதான். அதன் பிறகு நடந்ததுதான் கசப்பு. மறுவாழ்வு மையத்தின் அறைக்குள் அண்ணன், அண்ணி, பொறுப்பாளர். நான் வெளியே பெஞ்சில், கழற்றிப்போட்ட செருப்புகளோடு. கதவு திறந்தேதான் இருந்தது.

"அமைதியான எடமா பாத்துக் குடுங்க சார். சத்தம்னா அவளுக்கு ஆவாது," என்றார் அண்ணன்.

"மெழுகுவத்தி செய்யற எடம் இருக்கு. அங்க பேச்சே கெடையாது."

"சாமி காரியம் செஞ்ச மாதிரியும் ஆச்சு," என்றாள் அண்ணி.

முடிந்தது. என் பிழைப்பு முடிவானபோது நான் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மெழுகு அறையின் அமைதியை எப்படிச் சொல்வேன்? உங்களுக்கு அமைதி என்றால் காற்று அடங்கிய கடற்கரை. எனக்கு அமைதி என்றால், வாசற்படியில் இருப்பவர்கள் கைக்கு மைக் கிடைத்த மாதிரி. அவர்கள் பேசப் பேச என் கை நின்றுவிடும். மெழுகு உறைந்துவிடும். கூட வேலை செய்தவர்கள் சோம்பேறி என்றார்கள். மாத்திரையால் கை நடுங்கி, சூடான மெழுகு மணிக்கட்டில் கொட்டிவிட்டது. இனி போகமாட்டேன் என்றேன்.

"கெடச்ச வேலய வேணாங்கறா பாருங்க. நோய் இல்ல இது, திமிரு," என்றாள் அண்ணி.

அண்ணன் கோபப்படவில்லை. நேராகக் கோவிலுக்குப் போய், நான் மெழுகுவத்தி வேலையில் நிலைத்திருக்க வேண்டுமென்று மன்றாட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வானத்துக் கடவுளிடம் கேட்கத் தெரிந்தது. அடுத்த அறையில் இருந்த என்னிடம் கேட்கத் தெரியவில்லை.

அன்று அழுதேன். ஆண்டவரே, குணமாக்கும் குணமாக்கும் என்று கேட்டு நாக்கு வறண்டுவிட்டது. இனி அதைக் கேட்கமாட்டேன். உனக்கு என்ன வேண்டும் என்று யாராவது ஒருத்தர் என்னிடம் கேட்கட்டும். வழியோரம் உட்கார்ந்திருந்த பார்வையில்லாதவனிடம்கூட, குணமாக்கும் முன், நீர் அதைக் கேட்டீரே.

ஞாயிறு வந்தது. அண்ணனின் மன்றாட்டை வாசித்தார்கள். நீங்கள் பதில் சொல்வதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"பிலோமினாவுக்கு என்ன வேணும்னு அவகிட்டயே யாராச்சும் கேக்கணும்னு, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்!"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பிறகு, பழக்கதோஷத்தில், நீங்கள் அத்தனை பேரும் சொன்னீர்கள்: "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

ஆண்டவர் பழக்கதோஷத்தையும் செபமாக ஏற்றுக்கொள்கிறார் போலிருக்கிறது.

வெளியே வந்ததும் "மானத்த வாங்கிட்டியே" என்றார் அண்ணன். மாத்திரையைக் கூட்டச் சொல்ல வேண்டும் என்றாள் அண்ணி. எனக்காக வேண்டிக்கொண்ட நீங்கள் அவசர அவசரமாக வண்டியை எடுத்தீர்கள். மறக்கவில்லை நான்.

அன்று கோவிலில் கடைசி வரிசையில் கவிதா இருந்திருக்கிறாள். மையத்தில் ஆலோசகராகப் புதிதாகச் சேர்ந்த பெண். மறுநாள் அண்ணனையும் என்னையும் வரச் சொன்னாள். நான் வழக்கம்போல் பெஞ்சில் உட்காரப் போனேன்.

"அக்கா, அங்க ஏன் உக்கார்றீங்க? ஒங்க வேலயப் பத்தி நீங்க இல்லாம என்ன பேசறது? உள்ள வாங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டாள். "என்ன வேல செய்யணும்னு ஒங்களுக்குத் தோணுது?"

இந்தக் கேள்விக்காகத்தான் அழுதேன். வந்தபோது அண்ணன் முகத்தைத்தான் பார்த்தேன். "அவளுக்கு என்னம்மா தெரியும்," என்று அண்ணன் ஆரம்பித்தார். "அவங்க சொல்லட்டும் அண்ணா," என்று சொல்லிவிட்டுக் கவிதா காத்திருந்தாள்.

"மாவு மில்லு," என்றேன்.

அண்ணன் சிரித்துவிட்டார். "அந்தச் சத்தத்துல நல்லா இருக்கறவனுக்கே பைத்தியம் புடிக்கும்!"

"எனக்குத்தான் ஏற்கெனவே புடிச்சிருக்கே. மெஷின் ஓடறப்பதான் அவங்க பேசறது எனக்குக் கேக்காது. மொளகா அரைக்கப் போனா நான் ஏன் லேட்டா வரேன்னு நெனச்சீங்க?"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "இத ஏன் இத்தன நாளா சொல்லல?"

"யாரு கேட்டீங்க?"

பிறகு மூன்று பேருமாகப் பேசினோம். மெஷின் பெல்ட் பக்கம் போகமாட்டேன். டின்களை வாங்கி வரிசையில் வைப்பேன், மாவு சலிப்பேன். காலையில் மாத்திரை மயக்கம் தெளிந்த பிறகுதான் வருவேன். குரல்கள் அதிகமானால் நானே கவிதாவிடம் சொல்வேன், எனக்குத் தெரியாமல் வீட்டுக்குப் போன் போகக் கூடாது. கவிதா கூடவே வந்து மில்லுக்காரரிடம் எல்லாம் சொன்னாள். அவர் என்னைப் பார்த்து ஒன்றுதான் கேட்டார்.

"மொளகா நெடி தாங்குவியாம்மா?"

"எங்க வீட்டு நெடியயே தாங்கறேன்."

இப்போது அங்கேதான் இருக்கிறேன். புருவமெல்லாம் மாவு. குணமாகவில்லை, பொய் சொல்லமாட்டேன். மெஷின் நின்றால் வாசற்படியில் இருப்பவர்கள் எழுந்து வருகிறார்கள். அண்ணன் இன்னமும் சொந்தக்காரர்களிடம் நான் கோவில் மெழுகுவத்தி செய்வதாகத்தான் சொல்கிறார். சொல்லட்டும். கேட்ட ஒன்றை ஆண்டவர் கொடுத்தார். அதற்கு நன்றி சொல்லத்தான் எழுதினேன்.

உங்கள் வீட்டிலும் என்னைப்போல் ஒருவர் இருக்கலாம். அவருக்காக நம்பிக்கையோடு செபியுங்கள். ஆனால் முழங்காலில் விழும் முன், என்ன கேட்டுச் செபிக்கட்டும் என்று அவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

போன வாரம் மன்றாட்டு வாசிக்கும் அக்கா முதன்முதலாக என்னிடம் வந்தார். "பிலோமி, ஒனக்காக என்னன்னு வேண்டிக்கட்டும்?"

"மில்லுல கரண்ட்டு போவக் கூடாதுன்னு வேண்டிக்குங்க."

அப்படியே வாசித்தார். சிலர் சிரித்தீர்கள். ஆனாலும் எல்லோரும் பதில் சொன்னீர்கள். நானும் சொன்னேன், எல்லோரையும்விடச் சத்தமாக. இந்தமுறை, உயிரோடு இருக்கிற ஒருத்திக்காக.